மோட்டார்ஹோமுக்குப் பின்னால் காரை எப்படி இழுப்பது: கியர்பாக்ஸ்காரன் ஒருவனின் பதில்

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். ஓய்வுபெற்றுவிட்டீர்கள். அடுத்த ஆண்டு மனைவியோடு ஐந்து மாதம் ஹூஸ்டனில் மகன் வீட்டில் தங்கப் போகிறீர்கள். மகன் பழைய மோட்டார்ஹோம் ஒன்று, அதாவது படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி, வாங்கி வைத்திருக்கிறார். 28 அடி நீளம், ஃபோர்டு இ-450 அடிச்சட்டம். மருமகளின் 2014 ஹோண்டா சிஆர்-வியை அதன் பின்னால் கட்டிக்கொண்டு மேற்கு டெக்சஸ் பக்கம் போக ஆசை. நான்கு சக்கரமும் தரையில் உருள இழுப்பதா, முன்சக்கரங்களை மட்டும் டாலி என்ற குட்டி வண்டியில் ஏற்றுவதா, முழுக் காரையும் ட்ரெய்லரில் ஏற்றுவதா, மூன்றில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: மருமகள் அந்தக் காரை விற்றுவிட்டு 2018 சிஆர்-வி எடுக்க நினைக்கிறார். என்னைக் கேட்டால் மொத்தக் கேள்வியும் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், எதை நம்பலாம் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியவேண்டும் அல்லவா. சிங்கப்பூரில், காக்கி புக்கிட்டில் 31 ஆண்டு கியர்பாக்ஸ் வேலை. பிரித்து, கழுவி, கிளட்ச் தட்டு மாற்றி, திரும்பப் பூட்டுகிற வேலை. அதனால் கியர்பாக்ஸுக்குள் என்ன நடக்கும் என்று நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். மோட்டார்ஹோம் அனுபவம் அவ்வளவு கிடையாது. என் மச்சான் அரிசோனாவில் இருக்கிறார். 2019இல் மூன்று வாரம் அவரோடு சேர்ந்து ஓட்டினேன், இழுக்கும் சாமான்களை அவர் காரில் பூட்டியதும் நான்தான். பனியிலோ பெரிய மலை இறக்கத்திலோ ஓட்டியது இல்லை. அதைப் பற்றி வாய் திறக்கமாட்டேன்.

கார் வேண்டுமா என்றே சிலர் கேட்பார்கள். நீங்கள் போக நினைக்கும் பக்கத்துக்கு வேண்டும் என்றுதான் சொல்வேன். பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் சிசோஸ் பேசினுக்கு ஏறும் சாலை குறுகலானது, வளைவு அதிகம். 24 அடிக்கு மேற்பட்ட மோட்டார்ஹோம்கள் அதில் ஏறவேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. உங்களுடையது 28. கீழே முகாமில் வண்டியை நிறுத்திவிட்டுக் காரில் ஏறிப் போனால்தான் மலையைப் பார்க்கமுடியும். தவிர, மோட்டார்ஹோமை நிறுத்தி, தண்ணீர்க் குழாய், கரண்ட், கழிவுக் குழாய் எல்லாம் மாட்டிய பிறகு, பால் வாங்க வேண்டும் என்று அத்தனையையும் கழற்றிக்கொண்டு கிளம்ப யாருக்கு மனசு வரும்? ஹூஸ்டனிலிருந்து பிக் பெண்ட் கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர். கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர் உள்ள தீவில் ஓட்டிப் பழகிய நமக்கு அந்தத் தூரம் கண்ணுக்குள் வராது. அந்த வெட்டவெளியில் கையடக்கமாக ஒரு கார் இருப்பது பெரிய நிம்மதி.

சரி, கியர்பாக்ஸுக்கு வருவோம். சாதாரண ஆட்டோ கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் பம்ப் ஒன்று இருக்கும். அதைச் சுழற்றுவது எஞ்சின். எஞ்சின் ஓடினால் பம்ப் ஓடும், பம்ப் ஓடினால் பல்சக்கரங்களுக்கும் புஷ்களுக்கும் எண்ணெய் போகும். இப்போது எஞ்சினை அணைத்துவிட்டு, நியூட்ரலில் போட்டு, நாலு சக்கரமும் உருளக் காரை இழுக்கிறீர்கள். சக்கரம் சுற்றுகிறது, சக்கரத்தோடு பிணைந்திருக்கும் கியர்பாக்ஸின் பின்பாதியும் சுற்றுகிறது. ஆனால் பம்ப் நிற்கிறது. எண்ணெய் இல்லாமல் இரும்பும் இரும்பும் உரசும். நியூட்ரலில் போட்டால் எல்லாம் கழன்றுவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நியூட்ரல் எஞ்சினிடமிருந்து கழற்றிவிடும், அவ்வளவுதான். சக்கரத்திடமிருந்து எதையும் கழற்றாது. நம்மூரில் கார்ப்பேட்டைக்குள் பத்து மீட்டர் தள்ளுவதற்கு அது போதும். மணிக்கு 100 கிலோமீட்டரில் எட்டு மணி நேரம் உருட்டுவதற்குப் போதாது.

ஹோண்டாவின் பழைய ஆட்டோ கியர்பாக்ஸ் இதில் விதிவிலக்கு. மற்றவர்கள் கோள் பல்சக்கரத் தொகுதி வைத்துக் கட்டும் இடத்தில், ஹோண்டா பல ஆண்டுகளாக மேனுவல் கியர்பாக்ஸ் மாதிரியே பக்கத்துப் பக்கத்தில் தண்டுகளை வைத்து, அவற்றில் பல்சக்கரங்களைக் கோத்துக் கட்டிவந்தது. திறந்து மேசையில் வைத்தால், புதிதாக வேலைக்கு வந்த தம்பிகள் 'அண்ணே, இது மேனுவலா?' என்றுதான் கேட்பார்கள். 2014 சிஆர்-வியில் இருப்பது அந்த வகை 5 கியர் பெட்டி. அமெரிக்காவில் விற்ற 2014 சிஆர்-வியின் கையேட்டில், மோட்டார்ஹோமுக்குப் பின்னால் நாலு சக்கரமும் தரையில் உருள இழுக்கலாம் என்று ஹோண்டாவே எழுதி, செய்முறையும் கொடுத்திருக்கிறது. 2015இல் அதே பெயர், ஏறத்தாழ அதே உருவம், ஆனால் உள்ளே சிவிடி, கியர்ப் படிகளே இல்லாத ஆட்டோ பெட்டி. அந்த ஆண்டிலிருந்து அந்த அனுமதி போய்விட்டது. சிவிடியில் எஃகுப் பட்டை ஒன்று இரண்டு கப்பிகளுக்கு நடுவே எண்ணெய் அழுத்தத்தில் இறுகி நிற்கும். பெரும்பாலான சிவிடிகளில் இந்தக் கப்பிகள் சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றும். அழுத்தம் இல்லாமல் சுற்றினால் பட்டை வழுக்கி, கப்பியின் முகத்தைச் சுரண்டிவிடும். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கவேண்டிய முகம் அது. விரல் நகத்தால் தடவினால் கோடு தட்டுப்பட்டால் அந்தப் பெட்டியின் ஆயுள் முடிந்தது.

இப்போது அந்தக் கடைசி வரி புரிந்திருக்கும். மருமகள் 2014 வண்டியை விற்று 2018 வாங்கினால் நாலு சக்கர முறை கையைவிட்டுப் போகிறது. 'என் நண்பர் சிஆர்-வியைத்தான் இழுக்கிறார், ஒன்றும் ஆகவில்லை' என்று அங்கே யாராவது சொல்வார்கள். அவருடையது எந்த ஆண்டு வண்டி என்று மட்டும் கேளுங்கள். இழுக்கும் சாமான் விற்கிற கடைக்காரரைக் கேட்பதைவிட, காரின் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் கிடக்கும் கையேட்டைத் திறந்து மோட்டார்ஹோமுக்குப் பின்னால் இழுப்பது பற்றிய பகுதியைப் படிப்பது மேல். ஹைபிரிட், மின்சாரக் கார் பக்கம் மனசு போனால் இன்னும் கவனம். அவற்றில் பெரும்பாலானவற்றில் மோட்டார் சக்கரத்தோடு நிரந்தரமாகப் பிணைந்திருக்கும். உருட்டினால் மோட்டார் மின்னாக்கியாக மாறிச் சூடேறும். டெஸ்லா தன் கார்களை நாலு சக்கரமும் தரையில் படாமல்தான் கொண்டுபோக வேண்டும் என்கிறது. மறுபக்கம், ஜீப் ராங்லர் மாதிரி டிரான்ஸ்பர் கேஸில், அதாவது முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில், தனியாக நியூட்ரல் உள்ள வண்டிகள் இந்த வேலைக்கென்றே பிறந்தவை. அமெரிக்கச் சாலைகளில் மோட்டார்ஹோம்களுக்குப் பின்னால் அவற்றை அடிக்கடி பார்க்கலாம். பின்னால் வரும் காரை அங்கே 'டோட்' என்கிறார்கள், இழுக்கப்படுவது என்ற சொல்லும் தேரை என்ற சொல்லும் அவர்கள் வாயில் ஒரே மாதிரி ஒலிப்பதால். மச்சான் தன் காரின் பின்னால் தேரைப் படம் ஒன்று ஒட்டியிருந்தார்.

2014 வண்டிக்கு ஹோண்டா சொல்லும் செய்முறையை இங்கே எழுதுகிறேன், ஆனால் கட்டுவதற்கு முன் கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி கியர்க் கம்பியை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுபோக வேண்டும். அப்புறம் டிரைவில் ஐந்து விநாடி, பிறகு நியூட்ரல். நியூட்ரலில் மூன்று நிமிடம் எஞ்சின் ஓடவேண்டும். அந்த மூன்று நிமிடத்தில்தான் பம்ப் எல்லா இடத்துக்கும் எண்ணெய் அனுப்பும். பிறகு எஞ்சினை அணைத்து, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியை அக்சசரி நிலையில் விட்டு, கைபிரேக்கை இறக்க வேண்டும். ஒரே நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் இதை மறுபடி செய்ய வேண்டும். வேகம் மணிக்கு 65 மைலைத் தாண்டக்கூடாது. இதில் மிக முக்கியமானது, நியூட்ரலுக்கு டிரைவிலிருந்து வரவேண்டும். ரிவர்ஸிலிருந்து நியூட்ரலுக்கு வந்து அப்படியே இழுத்தால் கியர்பாக்ஸ் கெடும் என்று கையேடு தனியாக எச்சரிக்கிறது. காரணத்தை அதில் எழுதவில்லை. அந்தப் பெட்டிகளில் ரிவர்ஸுக்கென்று ஒரு தேர்வு வளையம் உண்டு, அது ரிவர்ஸ் பக்கமே நின்றுவிட்டால் அந்தப் பல்சக்கரம் வீணாகச் சுற்றும் என்பது பெட்டியைத் திறந்து பார்த்தவனின் ஊகம். ஊகத்தை ஊகமாக வைத்துக்கொள்ளுங்கள், எச்சரிக்கையை மட்டும் மீறாதீர்கள்.

அடுத்தது டாலி. இரண்டு சக்கரமுள்ள சின்ன வண்டி, காரின் முன்சக்கரங்கள் அதன்மேல் ஏறி உட்காரும், பின்சக்கரங்கள் தரையில் உருளும். முன்சக்கர இயக்கமுள்ள கார் எதுவானாலும், சிவிடி ஆனாலும், ஓட்டும் சக்கரம் தரையில் இல்லை என்பதால் கியர்பாக்ஸ் பிழைத்துக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது. மருமகளின் கார் முன்சக்கர இயக்கமா, நான்கு சக்கர இயக்கமா என்று நீங்கள் எழுதவில்லை. 2014 சிஆர்-வி இரண்டு விதத்திலும் வந்தது. நான்கு சக்கர இயக்கமாக இருந்தால் டாலி கூடவே கூடாது. நாலும் உருண்டால் பரவாயில்லை, நாலும் தூக்கினாலும் பரவாயில்லை, இரண்டு உருண்டு இரண்டு நின்றால்தான் வம்பு. முன்தண்டு நிற்கிறது, பின்தண்டு ஓடுகிறது, நடுவில் இருக்கும் இணைப்பு அந்த வித்தியாசம் முழுவதையும் உரசியே தீர்க்கப் பார்க்கும்.

இதை நான் மூக்கால் முகர்ந்திருக்கிறேன். பத்து ஆண்டுக்கு முன் ஒரு வாடிக்கையாளர், நான்கு சக்கர இயக்கமுள்ள எஸ்யூவி, மலேசியாவில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் யோங் பெங்குக்குப் பக்கத்தில் ரேடியேட்டர் குழாய் வெடித்து நின்றுபோனார். சின்னப் பழுது. அங்கிருந்து அவரைக் கொண்டுவந்த இழுவை லாரிக்காரர் முன்பக்கத்தை மட்டும் தூக்கிக் கட்டி, பின்சக்கரங்களை உருட்டியபடி ஜோகூர் பாரு வரை வந்துவிட்டார். கார் என் பட்டறைக்கு வந்தபோது அடியில் படுத்துப் பின் இணைப்பின் எண்ணெய்த் திருகைக் கழற்றினேன். தேன் நிறத்தில் வரவேண்டிய எண்ணெய் கோப்பி ஓ மாதிரிக் கறுப்பாக வந்தது. திருகின் நுனியில் இருக்கும் காந்தத்தில் இரும்புத் தூள் மீசை மாதிரி முளைத்திருந்தது. தீய்ந்த வாடை இரண்டு நாள் போகவில்லை. நூறு வெள்ளிக்குள் முடிந்திருக்க வேண்டிய குழாய் வேலை, பல ஆயிரம் வெள்ளி இணைப்பு மாற்றமாகப் போனது. ஜோகூர் பாருவிலிருந்து யோங் பெங் நூறு கிலோமீட்டர்தான். நீங்கள் போகப்போவது அதைப்போல் பத்து மடங்கு.

முன்சக்கர இயக்கம்தான் என்றால் டாலி நல்ல வழி. காரில் எதையும் துளைக்கவோ பூட்டவோ வேண்டாம், அடுத்த ஆண்டு கார் மாறினாலும் அதே டாலி உதவும். ஆனால் ஒவ்வொரு தடவையும் காரை ஏற்றி, சக்கரத்துக்குப் பட்டை கட்டி, கொஞ்ச தூரம் போனதும் நிறுத்திப் பட்டையை மறுபடி இறுக்க வேண்டும். முகாமில் டாலியை வைக்க இடம் தேட வேண்டும். மழையில், சேற்றில் மண்டியிட்டு அந்தப் பட்டையை இறுக்குவதை உங்கள் 60 வயசு முழங்காலை வைத்து யோசித்துப் பாருங்கள். என்னுடையது வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

ட்ரெய்லர் எல்லாக் காரையும் சுமக்கும், காரின் ஒரு டயர்கூடத் தேயாது, பின்னால் எடுக்கவும் முடியும். ஆனால் உங்கள் வண்டியில் கணக்கு உதைக்கும் என்று நினைக்கிறேன். மோட்டார்ஹோமாகக் கட்டப்பட்ட இ-450க்கு ஃபோர்டு அனுமதிக்கும் முழு எடை வழக்கமாக 14,500 பவுண்டு, இழுப்பதையும் சேர்த்த மொத்த எடை 22,000 பவுண்டு. கழித்தால் 7,500 வருகிறது. அதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. பின்னால் கொக்கி மாட்டும் ஹிட்ச்சுக்குத் தனி எல்லை உண்டு. இந்த ரக வண்டிகள் பலவற்றில் அது 5,000 பவுண்டுதான். இரண்டில் எது சிறியதோ அதுதான் உங்கள் எல்லை. சிஆர்-வி 3,500 பவுண்டுக்குச் சற்று முன்பின். கார் ஏற்றும் ட்ரெய்லர் வெறுமையாகவே 2,200 பவுண்டு அளவில் இருக்கும். கூட்டினால் 5,700. முடிந்தது கதை. டாலி ஏறத்தாழ 750 பவுண்டு, கூட்டினால் 4,250, உள்ளே வரும். நாலு சக்கர முறையில் ஹிட்ச்சையும் காரையும் இணைக்கும் இழுவைக் கம்பியும், அதை மாட்டக் காரின் முன்பக்கம் பூட்டும் தட்டும் சேர்ந்து நூறு பவுண்டுக்குச் சற்று மேலே கீழே, அதுவும் உள்ளே வரும். 'பெரிய ஹிட்ச் வாங்கி மாட்டினால் போச்சு' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மோட்டார்ஹோம் கட்டுகிறவர்கள் ஃபோர்டின் அடிச்சட்டத்தைப் பின்னால் ஒட்டு வைத்து நீட்டியிருப்பார்கள். பலவீனம் அந்த ஒட்டில். அதன்மேல் என்ன ஹிட்ச் மாட்டினாலும் ஒட்டு பலமாகிவிடாது.

இந்த எண்கள் எல்லாம் காகிதக் கணக்கு. உண்மைக் கணக்குக்கு வண்டியை எடை போடவேண்டும். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லாரிகள் நிற்கும் இடங்களில் கேட் ஸ்கேல் என்று எடைமேடை இருக்கும். தண்ணீர்த் தொட்டி நிரம்பி, டீசலோ பெட்ரோலோ நிரம்பி, சமையல் சாமான், துணிமணி, ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு அதில் ஏற்றுங்கள். மச்சான் வண்டி அவர் நினைத்ததைவிட 900 பவுண்டு கூட இருந்தது. மச்சினிச்சி அரிசி மூட்டையை மட்டும் குறை சொல்லமுடியாது, தண்ணீர்த் தொட்டியே பாதிக் காரணம்.

பிரேக் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, நான் விடமாட்டேன். பின்னால் வரும் கார் ஒன்றரை டன்னுக்கு மேல். முன்வண்டி பிரேக் போடும்போது அது பிரேக் போடாமல் முதுகில் மோதிக்கொண்டே வரும். டெக்சஸ் சட்டம் ட்ரெய்லர்களுக்கு 4,500 பவுண்டுக்கு மேல் பிரேக் கேட்கிறது, பல மாநிலங்கள் 3,000 பவுண்டிலேயே கேட்கின்றன. நீங்கள் டெக்சஸ் எல்லையைத் தாண்டி நியூ மெக்சிகோ, அரிசோனா என்று போகாமல் இருக்கப் போவதில்லை. ஆகவே சட்டத்தின் ஓட்டையைத் தேடாமல் பிரேக் போட்டுவிடுங்கள். நாலு சக்கர முறையில் இதற்குப் பெட்டி மாதிரி ஒரு கருவி உண்டு. ஓட்டுநர் இருக்கைக்கு முன் தரையில் வைத்தால், முன்வண்டி வேகம் குறையும்போது அது காரின் பிரேக்கை மிதிக்கும். நிரந்தரமாகப் பூட்டும் வகையும் உண்டு. எது மேல் என்பதில் அங்கே இரண்டு கட்சி இருக்கிறது. நான் பூட்டியது பெட்டி வகை. அதில் கண்ட ஒரு சங்கதி: எஞ்சின் ஓடாத காரில் பிரேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துபோகும், பிறகு மிதி கல் மாதிரி இறுகிவிடும். அந்தக் கடின மிதியை வைத்துத்தான் பெட்டியின் அழுத்தத்தை அமைக்க வேண்டும். மிதியைத் தொட்டுக்கொண்டே நிற்கும்படி வைத்துவிட்டால் வழியெல்லாம் பிரேக் உரசித் தட்டு பழுக்கும். முதல் பத்து மைலில் நிறுத்தி நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் கை கொண்டுபோய்ச் சூடு பாருங்கள், தொடவேண்டாம். கொக்கி கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்கவைக்கும் அவசரக் கம்பி, கீழே குறுக்காகப் போட்ட பாதுகாப்புச் சங்கிலி, இரண்டும் இல்லாமல் சாலையில் இறங்காதீர்கள்.

கம்பி முறையில், அதாவது நாலு சக்கர முறையில், பெரிய தொல்லை ரிவர்ஸ்தான். பின்னால் எடுக்கவே முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரின் முன்சக்கரங்கள் தானாக ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும், இன்னும் தள்ளினால் கம்பி வளையும். டாலியும் அப்படித்தான். அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃபுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்ரோல் நிலையத்துக்குள் மச்சான் தைரியமாக வண்டியை விட்டார். உள்ளே போனபிறகுதான் எதிர்ப்பக்கம் வழி இல்லை என்று தெரிந்தது. பின்னால் மூன்று பிக்கப் லாரிகள். காரைக் கழற்றினால்தான் வெளியே வரமுடியும். வளைவில் நின்றதால் கம்பியின் ஒரு கை இழுபட்டு விறைத்து நின்றது, கொண்டி வரவே மாட்டேன் என்றது. நான் சுத்தியல் கேட்டேன். மச்சினிச்சி ஒன்றும் பேசாமல் காருக்குள் ஏறி, ஸ்டீயரிங்கை ஒரு சாண் திருப்பி, பிரேக்கைத் தளர்த்தினார். கார் ஓர் அங்குலம் முன்னால் நகர்ந்தது, கொண்டி என் கையில் தானாக விழுந்தது. 31 ஆண்டு அனுபவம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஆகவே புதிதாக வாங்கினால் விறைத்தாலும் கழற்ற வசதியுள்ள வகைக் கம்பி வாங்குங்கள். புளூ ஆக்ஸ், ரோட்மாஸ்டர், டெம்கோ என்று அங்கே பரவலான பெயர்கள் உண்டு. எங்கே நுழைவதாக இருந்தாலும் வெளியே வரும் வழியைப் பார்த்துவிட்டு நுழையுங்கள். உங்கள் வண்டியும் கம்பியும் காரும் சேர்ந்தால் 14 மீட்டரைத் தாண்டும். நம்மூர் இரட்டை மாடிப் பேருந்தே 12 மீட்டர்தான்.

சில்லறை விஷயங்கள் வேகமாக. ஹிட்ச்சின் உயரமும் காரின் முன்தட்டு உயரமும் மூன்று அங்குலத்துக்குமேல் வித்தியாசப்படக் கூடாது, பட்டால் இடையில் ஏற்ற இறக்கத் துண்டு போட வேண்டும். காரின் பின்விளக்குகள் முன்வண்டியோடு சேர்ந்து எரியவேண்டும். சாவி அக்சசரியில் நாள் முழுக்க இருந்தால் பேட்டரி இறங்கும். முன்வண்டியிலிருந்து சார்ஜ் கம்பி ஒன்று இழுத்துவிடுவது நல்லது. கார் டயர்களுக்குக் காற்றழுத்தம் காட்டும் கருவி வாங்குங்கள். பின்னால் டயர் வெடித்தாலும் மோட்டார்ஹோம் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது, பாட்டுக் கேட்டுக்கொண்டே போவார்.

மேற்கு டெக்சஸில் 80 மைல் வேகப் பலகை பார்ப்பீர்கள். அது உங்களுக்கு இல்லை. 60இல் வலது ஓரம் போங்கள். அங்கே வலது ஓரம்தான் மெதுவான தடம் என்பதையும் முதல் வாரம் தினமும் சொல்லிக்கொள்ளுங்கள். கலிபோர்னியா வரை போனால் எதை இழுத்தாலும் 55 மைல்தான் எல்லை.

யார் ஓட்டுவது என்பதில் மட்டும் அவசரப்படாதீர்கள். டெக்சஸில் 26,001 பவுண்டுக்குக் கீழே மகனின் சாதாரண கிளாஸ் சி உரிமம் போதும், உங்கள் கூட்டு எடை அதற்குள்தான் வரும். ஆனால் உங்கள் கையில் இருப்பது சிங்கப்பூர் மூன்றாம் வகுப்பு. இங்கே அது வெற்று எடை 3,000 கிலோ வரை உள்ள கார்களுக்குத்தான். இ-450 மோட்டார்ஹோம் அதைவிட எவ்வளவோ கனம். விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். மகனின் காப்பீட்டில் உங்கள் பெயரைச் சேர்த்து, இந்த உரிமத்தோடு, பின்னால் கார் கட்டியபடி ஓட்டலாமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால்: மருமகளிடம் 2014 சிஆர்-வியை இன்னும் ஓராண்டு வைத்திருக்கச் சொல்வேன். அவர் ஒத்துக்கொண்டால் கம்பி, முன்தட்டு, பிரேக் பெட்டி மூன்றையும் பூட்டி நாலு சக்கர முறையில் போவேன். ஆள்கூலியோடு சேர்த்து நாலைந்தாயிரம் அமெரிக்க டாலரை ஒதுக்கி வைப்பேன். முன்தட்டு அந்தக் காருக்கு மட்டும்தான் பொருந்தும், காரை விற்றால் அந்தக் காசு போச்சு. கம்பியும் பெட்டியும் அடுத்த காருக்கும் வரும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, 2018தான் என்றால், முன்சக்கர இயக்க வகையாக எடுக்கச் சொல்லி டாலிக்குப் போவேன். நான்கு சக்கர இயக்க 2018 எடுத்தே விட்டார் என்றால் காரை இழுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, போகிற ஊரில் மூன்று நாளுக்கு ஒரு வாடகைக் கார் எடுப்பேன். ஐந்து மாதத்தில் எத்தனை நாள் உண்மையில் முகாமில் இருப்பீர்கள் என்று எண்ணிப் பார்த்தால், அந்த வாடகை இந்தச் சாமான் செலவைவிடக் குறைவாகவே வரலாம். மருமகள் காரை மாமனாரின் ஊர்சுற்றலுக்காக நிறுத்தி வைக்கச் சொல்வதில் உள்ள குடும்பச் சிக்கலுக்கு என்னிடம் ஸ்பேனர் இல்லை.

அதற்கு முன் மகனிடம் சொல்லி மூன்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மோட்டார்ஹோமின் ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எடைத் தாள் ஒன்று. காரின் பின்பக்கம், இயக்க வகையைக் காட்டும் எழுத்து இருந்தால் அது, இல்லையென்றால் அடியில் பின்சக்கரங்களுக்கு நடுவே தண்டு ஏதும் வருகிறதா என்று படுத்து ஒரு படம். மூன்றாவது ஹிட்ச்சின்மேல் உள்ள தாள். பத்து வருடப் புழுதியும் தாரும் அதன்மேல் அப்பியிருக்கும், எண் தெரியாது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெதுவாகத் துடைக்கச் சொல்லுங்கள், கம்பி பிரஷ் போட்டால் எண்ணும் சேர்ந்து போய்விடும். மூன்றும் வந்ததும் இங்கேயே போடுங்கள், உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம்.